தெற்கு அடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டி

வெளிமான் குட்டி பிறந்ததும் தாயோடு ஓடித் திரியாது. முதல் சில வாரங்கள் புல்லுக்குள் படுத்தே கிடக்கும். கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டி, காதைக்கூட அசைக்காமல். தாய் எட்டத்தில் மேயும். பால் கொடுக்க மட்டும் வந்து போகும். ஆபத்து வந்தால் ஓடிப் போக்குக் காட்டுவது தாயின் வேலை, அசையாமல் கிடப்பது குட்டியின் வேலை. வானத்திலிருந்து பார்க்கும் கழுகை இந்த ஏற்பாடு ஏமாற்றிவிடும். தனியாக வரும் நரியைக்கூடத் தாய் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். கூட்டமாக வந்து மூக்கால் தேடும் நாய்களிடம் இது செல்லாது.

இதைத் தெரிந்துகொள்வதுதான் என் சம்பளத்துக்கான வேலை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், துறைமுகத்து லாரிகள் ஓயாமல் ஓடும் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி, வல்லநாட்டுப் பக்கம் ஒரு குன்று நிற்கிறது. வெளிமான்களுக்காகக் காப்பிடமாக்கப்பட்ட குன்று. நான் நிலவரைபடம் வரையவும் செயற்கைக்கோள் படங்களை வாசிக்கவும் படித்தவள். ஒப்பந்த வேலையாக அங்கே போய்ச் சேர்ந்தேன். மரங்களில் கட்டிய தானியங்கி கேமராக்களில் விழும் படங்களைப் பிரிக்க வேண்டும். எந்தச் சரிவில் எந்தச் செடி, எந்தப் புல் எந்த மாதம் காய்கிறது என்று வரைபடத்தில் ஏற்ற வேண்டும். மனிதர்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று நம்பித்தான் சேர்ந்தேன்.

மேற்குச் சரிவு முழுக்க விராலிப் புதர். பாறை இடுக்குகளில் கிளுவையும் கள்ளியும். கிழக்கே சூரையும் காரையும் முள்ளோடு முள் பின்னி, முயலும் கௌதாரியும் மட்டும் நுழைகிற மாதிரி கிடக்கும். அவற்றுக்கு மேல் குடை பிடித்தாற்போல் உடைமரங்கள். கீரி உண்டு, உடும்பு உண்டு, மயிலுக்குக் குறைவே இல்லை. தெற்கு அடிவாரம் மட்டும் வேறு. அங்கே மரமே கிடையாது. ஊசிப்புல்லும் அருகம்புல்லும் இடையிடையே ஆவாரையுமாகச் சாலை வரைக்கும் திறந்து கிடக்கும். வெளிமானுக்குப் பிடித்தது அதுதான். அதற்கு மறைவு வேண்டாம், நாலு பக்கமும் கண் போக வேண்டும். கறுத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக ஓர் ஆண்மானும், அதன் பின்னால் ஒரு கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பெண்மான்களான பிணைகளும் அந்தப் புல்வெளியைச் சொந்தமாக வைத்திருந்தன.

என்னோடு சுற்றிய வனக்காவலர் ஆத்தூர்ப் பக்கத்து நெல்வயல் ஊரில் பிறந்தவர். என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். நான் கயிறு கட்டிச் சதுரம் போட்டு அதற்குள் முளைத்திருப்பதை எண்ணிக்கொண்டிருக்கும்போது பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஏளா, எண்ணி முடிச்சிட்டியா? எங்கூர்ல எண்ணாமலே மாடு தின்னுட்டுப் போயிரும்.”

“மாட்டுக்கு அறிக்கை எழுத வேண்டாம்லாக்கா.”

“அதான் அது சொகமா இருக்கு.”

அம்மா இறந்தது நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம். சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. கடைசி மாதங்களில் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அளந்து கொடுத்தது அப்பா. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மிளகாய் வத்தல் வாங்கித் தூத்துக்குடியில் மொத்தமாக விற்கிறவர், அளவில் பிசகாதவர். அம்மா உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கேட்பாள்: “ஒரே ஒரு மடக்கு.” அப்பா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “இன்னும் நேரம் ஆவலைம்மா” என்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாங்கள் இருவரும் கூடத்துக்கு வந்து தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்போம்.

அவள் போன பிறகு அப்பாவால் யாரையும் தாகத்தோடு பார்க்க முடியவில்லை. மண்டி வாசலில் பானை வைத்தார். மொட்டை மாடியில் குருவிகளுக்குக் கிண்ணம் வைத்தார். வருடத் திதி நெருங்கும்போது அவர் நினைப்பு மான்களிடம் போனது. குன்றுக்குக் கிழக்கே இருந்த குளம் வற்றிக்கொண்டு வருவதாக நான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

“மானுக்குத் தண்ணித் தொட்டி கட்டணும், உங்கம்மா பேர்ல. எங்கன கட்டலாம், சொல்லு.”

“குன்றுக்குள்ள தனியாள் கட்ட முடியாதுப்பா. வனத்துறைக்காரங்க தொட்டி மேல நிறைய இருக்கு. கோடையில லாரித் தண்ணி கொடுத்தா வாசல்ல வாங்கிக்கிடுவாங்க. அவங்களே கொண்டுபோய் ஊத்துவாங்க.”

“அதுல அவ பேர் வருமா?”

“வராது.”

“மான் குடிக்கத நான் பாக்க முடியுமா?”

“முடியாது.”

“பொறவு?” என்றார் அப்பா. பேச்சு முடிந்தது.

எண்ணெய்க் கடை மாமா அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. தெற்கு அடிவாரத்தில், காப்பிடத்தின் எல்லைக் கல்லை ஒட்டினாற்போல் அவருக்குப் பட்டா நிலம் இருந்தது. வாங்கிப் போட்டதுதான், ஒன்றும் விளைவதில்லை. அதில் கட்டிக்கொள்ளச் சொன்னார். வட்டமான சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் இரும்புக் காலில் நிற்கும் பலகை. பலகையில் அம்மாவின் படமும் பெயரும் ‘நினைவாக’ என்ற சொல்லும் இருந்தன. பலகை மான் வரும் திசையைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தது.

எல்லைக்கு வெளியே இருப்பதால் துறை தடுக்க முடியாது என்றார் அக்கா. “சாலைப் பக்கம் மானைக் கூப்பிடாதீங்கன்னு எங்க அதிகாரி சொல்லிப் பாத்துட்டாரு. உங்கைய்யா அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாரு.”

கொஞ்ச நாள் காக்கைகள் மட்டும் குடித்தன. பிறகு ஒரு சாயங்காலம் ஆண்மான் வந்தது. நின்றது, போனது, திரும்பி வந்தது. அதற்கும் பிறகு பிணைகள். அப்பா காரைச் சாலையோரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் நான் இருந்தேன். ஒரு பிணை தலையைத் தாழ்த்தி உறிஞ்சியது. அதன் ஒவ்வொரு மடக்குக்கும் அப்பாவின் தொண்டை அசைந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதுவரை அந்தப் பிணைகள் தினமும் கிழக்குக் குளம் வரை நடந்து போய் வந்தன. கேமராக்களில் அந்த வழி துலக்கமாகத் தெரியும். தொட்டி வந்த பிறகு அந்த வழியில் அவற்றின் படம் விழுவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. பங்குனியில் அவை தொட்டிக்கு அருகே, சாலையோரப் புல்லுக்கு மொத்தமாக இறங்கிவிட்டிருந்தன. பங்குனியும் சித்திரையும் குட்டி போடும் காலம். ஆக, குட்டிகள் படுக்கப்போகிற இடம் லாரிகளுக்கும் புரோட்டாக் கடைகளுக்கும் கூப்பிடு தூரத்தில் வந்து நின்றது.

அமாவாசைதோறும் அப்பா படையல் கொண்டு வந்தார். சோறு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை. முதல் கை காக்கைக்கு. மிச்சம் இலையோடு தொட்டி ஓரத்தில். அதைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் கேட்க ஆரம்பித்தார்கள். “அண்ணாச்சி, எங்கப்பாவுக்கும் அங்கனயே போட்டுக்கிடட்டுமா? மான் வார எடம், புண்ணியமா இருக்கும்லா.” அப்பா யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை. பன் வந்தது, பிஸ்கட் வந்தது, சீப்புச் சீப்பாய் வாழைப்பழம் வந்தது. அமாவாசை என்று இல்லாமல் பிறந்த நாள், கல்யாண நாள், கடை திறந்த நாள் எல்லாவற்றுக்கும் வண்டிகள் வந்தன. மான் எதையும் தொடவில்லை. நெடுஞ்சாலைக் கடைகளின் பின்பக்கத்தில் கிடந்த நாய்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் நகர்ந்தன.

“உங்கைய்யா வைக்கிற விருந்துக்கு நாயெல்லாம் குடும்பத்தோட வருதுளா,” என்றார் அக்கா. “இனி பந்தி விசாரிக்க ஆள் போட வேண்டியதுதான்.”

முதல் குட்டியைச் சித்திரையில் ஒரு காலையில் பார்த்தோம். பார்த்தோம் என்றால், மிச்சத்தை. தாய் கொஞ்சம் தள்ளி நின்று, அது படுத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கேமராவில் நாய்கள் வரிசையாக வந்து போன படம் விழுந்திருந்தது. அதைக் கைப்பேசியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“தாய்?”

“நிக்கு. அங்கனயே நிக்கு.”

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் எழுந்து உள்ளே போனார். தொட்டியை மூடிவிடுவார் என்று அன்று நினைத்தேன். எனக்கு அப்பாவைத் தெரியும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது.

அந்த வார இறுதியில் தொட்டியடியில் கூடினார்கள். அப்பா, எண்ணெய்க் கடை மாமா, இன்னும் சில வியாபாரிகள். எல்லோரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அதை நான் சொல்லியாக வேண்டும். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாதான் முடிவைச் சொன்னார்.

“நாயக் குத்தம் சொல்லி என்ன செய்ய? பசி. பசிச்ச வயிறுதானே கடிக்கும்? அமாவாசைக்கு அமாவாசை போட்டா அதுக எப்படித் தாங்கும்? தெனமும் போடுவோம். வயிறு நெறஞ்சிட்டா எதுக்குக் குட்டியத் தேடுது?”

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும்.

“மாமா,” என்றேன், “எங்க வீட்டுப் பூனைக்கு மூணு வேளையும் மீன் போடுதோம். எலியப் புடிக்காமலா இருக்கு?”

“பூனைக்கு அது வெளையாட்டு, தாயி.”

“நாய்க்கும் அதான்.”

சிரித்தார்கள். “புள்ள வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் அண்ணாச்சி, தெரியாம மானுக்குப் படிச்சிட்டு,” என்றார் ஒருவர். “படிச்ச புள்ளைக்கு மான் மேல மட்டும் எரக்கம். நாய் என்ன பாவம் செஞ்சுது?” என்றார் மாமா. நான் சொல்ல நினைத்தவை மனதில் வரிசையாக இருந்தன. சோறு கிடைக்கிற இடத்தில் நாய் தங்கும். தங்கினால் குட்டி போடும். தினமும் தின்கிற நாய்க்கு வேட்டையாடத் தெம்பும் பொழுதும் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு யார் எந்தக் கிழமை சோறு கொண்டுவருவது என்று பேச ஆரம்பித்தார்கள்.

பிரியாணிக் கடையிலிருந்து கோழி எலும்பு டிரம்மில் வந்தது. கல்யாண மண்டபங்களில் மிஞ்சிய சோறு வந்தது. நாய்களின் முதுகில் மினுமினுப்பு ஏறியது. பகலில் அவை தொட்டியின் நிழலில் படுத்திருந்தன. ஒரு பெட்டை நாய் ஆவாரஞ்செடிக்கு அடியில் ஈன்றது. அதற்குச் சாக்கு விரித்தார்கள்.

புல்லில் குட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

துறையில் பேசினேன். மேலே உள்ள தொட்டிகளைக் கூடுதலாக நிரப்ப அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நாய்களைப் பற்றிக் கேட்டதற்கு, பிடித்தாலும் சட்டப்படி கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டியிருக்கும் என்றார் அக்கா. மிச்சமிருந்தது அப்பா மட்டும்தான். ஒரு மாலை காரில் அவரிடம் சொன்னேன். கத்தவில்லை. கணக்கு விளக்குகிற மாதிரி சொன்னேன்.

“சோத்த நிறுத்துங்க. தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைங்க. மேல தண்ணி இருக்கு, பிணைகள் அங்க ஏறிரும். புல்லும் மேல இன்னும் காயல. மிச்சமிருக்கிற பிணைகள்ல நெறமாசமா இருக்கதுக அங்க போய் ஈனும். இப்பயே செஞ்சாத்தான் உண்டு.”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிணை குடித்துக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ என் கையால தண்ணிய நிறுத்தச் சொல்லுதியா?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் தயாராக இருந்தது.

“அது அம்மா. இது மான்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“அதுதாம்ப்பா தப்பு.”

அவர் காரைக் கிளப்பினார். இரவு அவர் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன். ஒருவர் தன் துக்கத்தை ஆற்றிக்கொள்ள இன்னோர் உயிரை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். இப்படியொரு கேள்வியைப் பெற்ற அப்பாவை வைத்துக் கேட்க வேண்டியிருந்ததில் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

சித்திரை முடியும் முன் அவர் அதைத் தன் கண்ணால் பார்த்தார். நானும் காரில் இருந்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. தொட்டியில் ஒரு பிணை குடித்துக்கொண்டிருந்தது. நாய்கள் சோற்றுக் குவியலை அப்போதுதான் முடித்திருந்தன. ஒன்று சோம்பல் முறித்து எழுந்தது, மற்றவையும் எழுந்தன. அவை பிணையைத் துரத்தவில்லை, அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதைத் தாண்டி, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, விரல் விரித்த மாதிரி புல்லுக்குள் பிரிந்து போயின. பிணை அவற்றுக்குக் குறுக்கே ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. என்னைப் பிடி என்று நொண்டுவதுபோல் ஓடியது. வயிறு நிறைந்த நாய்களுக்கு அவசரம் இல்லை. தேடிக்கொண்டே போயின.

அப்பா ஹாரனை அழுத்தினார். கையை எடுக்காமல் அழுத்தினார். அப்புறம் கதவைத் திறந்து, ஒரு செருப்பைக் கையில் கழற்றிக்கொண்டு, முள்ளென்றும் பாராமல் ஓடினார். “ஏய்! ஏய்! போ!” அவருக்கு ஓடுகிற உடம்பு இல்லை. நான் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேரும்போது புல் அசைந்து அடங்கிவிட்டது.

நாய்கள் அவரைப் பார்த்தன. சோறு போடுகிறவர் என்று அவற்றுக்குத் தெரியும். வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் வந்தன. ஒன்று, வாயெல்லாம் சிவப்பாக இருந்தது, அவருடைய வேட்டியில் முகத்தைத் தேய்த்தது. அப்பா செருப்பை ஓங்கியபடியே நின்றார். அடிக்கவில்லை. அந்த வேட்டியை அன்றே குப்பையில் போட்டார்.

மறுநாள் காலை மண்டியில் மூட்டை இறக்குகிறவர் ஒருவரைக் கூட்டிப் போய் அம்மாவின் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். துணியில் சுற்றி மாடியில் வைத்தார்.

“அவ பேருக்கு இந்தப் பாவம் வேண்டாம்,” என்றார்.

“தொட்டி?”

“அது அவன் நெலத்துல கெடக்கு. இனி நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“நீங்க ஒரு வார்த்த சொன்னா மாமா கேப்பாருப்பா. தொட்டிய ஒடைக்கச் சொல்லுங்க. சோத்த நிறுத்தச் சொல்லுங்க.”

“அவன் தண்ணி ஊத்துதேங்கான், சோறு போடுதேங்கான். நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வேண்டாம்னு சொல்ல?”

அந்த இரும்புக் காலில் இப்போது எண்ணெய்க் கடை மாமாவுடைய அப்பாவின் படம் இருக்கிறது. நானே மாமாவைக் கடையில் போய்ப் பார்த்தேன். உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, “அப்பா மனசு ஒடஞ்சுபோயிருக்கார் தாயி, நீ அவரப் பாத்துக்க. தொட்டிய நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார். கலர் இனிப்பாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த பங்குனி வந்தது. மேற்கே விராலிக்கு நடுவில் வேறொரு கூட்டத்துக் குட்டிகளின் படங்கள் விழுந்தன. தெற்கில் லாரித் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் பிணைகள் புல்லிலிருந்து தலை தூக்கும். நாய்களும் தூக்கும். லாரி போனதும் நாய்கள் சோற்றுக்கும் பிணைகள் தண்ணீருக்குமாக வந்து நிற்கும், ஒரே வீட்டு உருப்படிகள் மாதிரி. ஆண்மானைக் காணவில்லை. தெற்கு அடிவாரத்தை இனி குட்டி ஈனும் இடமாகக் காட்ட முடியாது என்று வரைபடத்தில் அதன் நிறத்தை மாற்றினேன். அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அப்பா அந்தச் சாலைக்கே போவதில்லை. திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தால் ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சுற்றிப் போகிறார். மானைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் கிடையாது. ஒரே ஒரு நாள், சாப்பாடு கொடுக்க மண்டிக்குப் போயிருந்தபோது கேட்டார். வத்தல் குவியலுக்கு முன்னால் குனிந்து, காம்பு பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

“தெக்க மான் வருதா?”

“வருது.”

“குட்டி?”

“இல்ல. ஒண்ணுகூட இல்ல.”

காம்பு கிள்ளின வத்தலை அவர் தனியாக வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“தண்ணி குடிக்கா?”

“குடிக்கு.”

“குடிக்குல்லா,” என்றார் அப்பா. “அது போதும்.”

வத்தல் வாங்க யாரோ வந்தார்கள். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு தராசுப் பக்கம் போனார்.